படர்தாமரைக்கு லேப் டெஸ்ட்: செதில் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் வரை

தோலில் வட்டமாக, அரிப்போடு ஒரு தடிப்பு வந்தால் படர்தாமரை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம் என்ற நிலை இப்போது இல்லை. நோயாளி டாக்டரிடம் வரும்போதே மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பல வாரம் தடவியிருப்பார். வட்டத்தின் ஓரம் கலைந்து, செதில் குறைந்து, அது எக்ஸிமா போலவோ சொரியாசிஸ் போலவோ மாறியிருக்கும். இன்னொரு பக்கம் டெர்பினாஃபைன் மாத்திரைக்கு அடங்காத பூஞ்சை இந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் நோயே வேறா, பூஞ்சை வேறா, நோயாளி மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லையா என்று பிரித்துச் சொல்ல லேப் வேண்டும்.

தோல் பிரிவு ஓ.பி.யில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்கும், மைக்ரோபயாலஜி லேபில் வேலையைத் தொடங்கும் டெக்னீஷியன்களுக்கும் இந்த வழிகாட்டி. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் கடினமான பகுதி என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது பழகப் பழக வந்துவிடும். ரிசல்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னால், செதிலை எங்கிருந்து எப்படி எடுத்தோம் என்பதில்தான். அதனால் அந்தப் பகுதியையே இங்கு நீட்டிச் சொல்கிறோம்.

சாம்பிள் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

என்ன தடவினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பூஞ்சைக்கான க்ரீமை நிறுத்தி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், மாத்திரை என்றால் ஒரு மாதம். நகத்துக்கு இன்னும் அதிக இடைவெளி நல்லது, ஏனென்றால் மருந்து நகத்துக்குள் நெடுநாள் தங்கும். அவ்வளவு காத்திருக்க முடியாத நோயாளி என்றால் சாம்பிளை எடுத்துவிடுங்கள், ஆனால் என்ன மருந்து எந்தத் தேதி வரை என்று ரிக்வெஸ்ட் படிவத்தில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் வரும் நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

வீட்டில் நாய், பூனை, மாடு உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பூனை, நாயிடமிருந்து மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை வரும். மாட்டிடமிருந்து வரும் டிரைக்கோஃபைட்டான் வெருகோசம் 37 டிகிரியில்தான் நன்றாக வளரும். படிவத்தில் மாடு என்ற ஒரு சொல் இருந்தால் லேப் இன்குபேட்டரை மாற்றும், இல்லாவிட்டால் கல்ச்சர், அதாவது பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்ப்பது, வீணாகும்.

டால்கம் பவுடர் போட்டு வருபவர்கள் உண்டு. பவுடரில் ஸ்டார்ச் இருந்தால் அதன் துகள்கள் ஈஸ்ட் செல் போலவே தெரியும். முந்தைய நாளே சொல்லி அனுப்புங்கள்: குளித்துவிட்டு வரலாம், எண்ணெய், பவுடர், க்ரீம், நகப்பூச்சு எதுவும் கூடாது.

தோலிலிருந்து செதில் எடுப்பது

தேவையானவை: 70 சதவீத ஆல்கஹால், காஸ், 15ஆம் எண் ஸ்கால்பெல் பிளேடு, மடித்த கறுப்புத்தாள், கையுறை. பிளேடு இல்லாவிட்டால் கண்ணாடி ஸ்லைடின் ஓரம் போதும். குழந்தைகளுக்கு அதுவே பாதுகாப்பு.

இடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், காஸ் எடுங்கள். பஞ்சின் இழை தோலில் ஒட்டிக்கொண்டு பிறகு மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழை போல ஏமாற்றும். துடைப்பதற்கு இரண்டு காரணம்: மிச்சமிருக்கும் க்ரீமும் எண்ணெயும் போகும், கல்ச்சரைக் கெடுக்கும் பாக்டீரியா குறையும். துடைத்தபின் முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தில் சுரண்டினால் செதில் பிளேடிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எங்கே சுரண்டுவது? வட்டத்தின் நடுவில் அல்ல. படர்தாமரை நடுவில் ஆறிக்கொண்டே வெளிப்பக்கம் பரவும். உயிருள்ள பூஞ்சை, சிவந்து சற்றே மேடாக இருக்கும் ஓரத்தில்தான் நிறைந்திருக்கும். தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, பிளேடைச் செங்குத்துக்கு அருகில் வைத்து, ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டுங்கள். ரத்தம் வரக்கூடாது. வெள்ளைத் தூள் கறுப்புத்தாளில் விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாள் கறுப்பாக இருப்பதே அதற்காகத்தான். தாளின் நடு மடிப்பில் ஒரு சிட்டிகை அளவு சேரும்வரை எடுங்கள். நான்கைந்து துகளோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம்தான் பல நெகட்டிவ் ரிப்போர்ட்டுகளுக்குக் காரணம்.

ஓரமே தெரியாமல் கலைந்துபோன, ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையில் செதில் கொஞ்சம்தான் கிடைக்கும். அதைக் கண்டு கைவிட வேண்டாம். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை அங்கே செழித்திருக்கும், கிடைத்த சிறிதளவு செதிலிலும் இழை கொத்தாகத் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் தெளிவான செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தெடுப்பதும் பலன் தரும். தேமலுக்கும் டேப் மிக வசதி.

நீர்க்கொப்புளம் இருந்தால் அதன் மேல்தோலை நுனிக் கத்தரியால் வெட்டி அப்படியே எடுங்கள். பூஞ்சை அந்தக் கூரையின் அடிப்பக்கத்தில் இருக்கும், உள்ளேயிருக்கும் நீரில் அல்ல. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் என்றால் ஊறி வெளுத்த தோலை முதலில் அகற்றிவிட்டு, அதன் கீழும் ஓரத்திலும் சுரண்டுங்கள். ஊறிய தோலில் பாக்டீரியாவும் கேண்டிடா என்ற ஈஸ்ட்டும் மண்டியிருக்கும். அங்கிருந்து எடுத்ததில் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் (Gram) ஸ்டெயினும் சேர்த்துப் போடுவது நல்லது.

நகம், முடி

நகத்தில்தான் அதிகம் தவறுகிறது. நகத்தின் நுனியை வெட்டி அனுப்பினால் அதில் இருப்பது பெரும்பாலும் செத்த இழையும் வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கும்தான். பூஞ்சை நுனியிலிருந்து வேரை நோக்கி நகரும், உயிருள்ள பகுதி சொத்தைக்கும் நல்ல நகத்துக்கும் இடையிலுள்ள எல்லையில் இருக்கும். எனவே தூக்கிநிற்கும் நகத்தை நகவெட்டியால் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு வெட்டி நீக்குங்கள். பிறகு நகத்துக்கு அடியில் இருக்கும் மாவு போன்ற பொருளைச் சுரண்டுங்கள். முதலில் வருவதை எறிந்துவிட்டு அடுத்து வருவதை எடுங்கள். நகத்தின் மேற்பரப்பில் மட்டும் வெண்புள்ளி என்றால் அந்த மேற்பரப்பைச் சுரண்டினாலே போதும்.

தலையில் முடி கொட்டிய திட்டோடு குழந்தை வந்தால் வீட்டில் புழுவெட்டு என்று சொல்லி அழைத்து வருவார்கள். திட்டில் செதிலோ, தோல்மட்டத்தில் ஒடிந்த குட்டை முடியோ, கறுப்புப் புள்ளியோ இருந்தால் பூஞ்சையைத் தேடியே ஆக வேண்டும். ஒடிந்த அடிமுடியைச் சாமணத்தால் வேரோடு பிடுங்குங்கள், கத்தரித்த முடி உதவாது. கிருமிநீக்கிய பல்துலக்கும் பிரஷால் திட்டைத் தேய்த்து, அந்த பிரஷை நேரே கல்ச்சர் பிளேட்டில் அழுத்தி எடுப்பதும் அழுகிற குழந்தைக்கு ஏற்ற வழி. வுட்ஸ் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பச்சையாக ஒளிரும். டிரைக்கோஃபைட்டான் பொதுவாக ஒளிராது, அதனால் ஒளிரவில்லை என்பதை வைத்துப் பூஞ்சை இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.

சாம்பிளைக் கறுப்புத்தாளிலேயே மடித்து, பெயர், எண், உடலின் எந்த இடம், தேதி எழுதி அறை வெப்பத்திலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிர் சில பூஞ்சைகளைப் பாதிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவிலும் வேண்டாம், உள்ளே ஈரம் சேர்ந்து பாக்டீரியா பெருகும். உலர்ந்த செதிலில் பூஞ்சை பல வாரம் உயிரோடு இருக்கும், வெளியூர் லேபுக்குத் தபாலில்கூட அனுப்பலாம்.

கே.ஓ.எச். தயாரிப்பது

பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எல்லோரும் கே.ஓ.எச். என்றுதான் சொல்கிறோம். அது தோல் செல்களின் கெரட்டினைக் கரைத்துத் தெளிவாக்கும். பூஞ்சையின் சுவர் அவ்வளவு சீக்கிரம் கரையாது, அதனால் இழை தனித்துத் தெரியும்.

தோலுக்கும் முடிக்கும் 10 சதவீதம்: 80 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீரில் 10 கிராம் கே.ஓ.எச். வில்லைகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, ஆறியபின் 10 மி.லி. கிளிசரின் சேர்க்கவும். தண்ணீரில்தான் வில்லையைப் போட வேண்டும், வில்லைமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கிளிசரின் ஸ்லைடு காய்ந்து படிகமாவதைத் தள்ளிப்போடும். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதம் வரை தேவைப்படும்.

அவசரத்துக்கு இன்னொரு கலவை: 60 மி.லி. தண்ணீரில் 40 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கலந்து 20 கிராம் கே.ஓ.எச். கரைப்பது. இதைச் சூடாக்கவே தேவையில்லை, செதில் சில நிமிடத்தில் தெளியும். ஆனால் அதே வேகத்தில் எல்லாமே கரைந்தும் போகும், போட்ட ஸ்லைடை உடனே பார்த்துவிட வேண்டும்.

கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். கண்ணாடியை அது அரிக்கும். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துப் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறி வலுவிழக்கும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். கையுறையோடு பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் இந்த வேலை வேண்டாம்.

ஸ்லைடு போடுவது

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, முழுச் சாம்பிளையும் கே.ஓ.எச்.சில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கல்ச்சருக்குத் தேடுவது. கே.ஓ.எச். பட்ட பூஞ்சை செத்துவிடும். முதலில் சாம்பிளை இரண்டாகப் பிரியுங்கள். மிகக் குறைவாக இருந்தால் மைக்ராஸ்கோப்புக்கே முன்னுரிமை.

1. சுத்தமான ஸ்லைடின் நடுவில் ஒரு துளி கே.ஓ.எச். வைத்து, செதில்களைப் போட்டு, குமிழ் சிக்காமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூடவும்.
2. ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே இரண்டு மூன்று முறை மெதுவாகக் கொண்டுபோகவும். புறங்கையில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொதித்தால் படிகம் உருவாகும்.
3. பெட்ரி டிஷ்ஷில் ஈர ஃபில்டர் தாள் விரித்து, அதில் ஸ்லைடை 10 முதல் 20 நிமிடம் மூடி வைக்கவும். தடித்த செதிலுக்கு இன்னும் நேரம் ஆகும். நகத்துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டராக நறுக்கிச் சிறு குழாயில் கே.ஓ.எச்.சில் இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஸ்லைடில் வைக்கவும்.
4. கவர் ஸ்லிப்பின் மேல் ஒற்றுத்தாளை வைத்து மெல்ல அழுத்தவும். செதில் ஒரே அடுக்காகப் பரவும், வழிந்த கரைசலை ஒற்றுத்தாள் இழுத்துக்கொள்ளும். வழிந்தது மைக்ராஸ்கோப் லென்ஸில் பட்டால் லென்ஸ் பாழாகும்.

தேமலுக்குக் கே.ஓ.எச்.சோடு ஒரு துளி நீலக்கறுப்புப் பேனா மையைக் கலந்தால் தேமலை உண்டாக்கும் மலசீசியா பூஞ்சை நீலநிறம் ஏற்றுத் துலங்கும்.

பார்ப்பது

கண்டென்சரைக் கீழிறக்கி, ஐரிஸைப் பாதி மூடுங்கள். வெளிச்சம் அதிகமானால் நிறமில்லாத இழை மறைந்துவிடும். 10எக்ஸ் லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் வரிசையாகத் தேடி, சந்தேகமான இடத்தை 40எக்ஸில் பாருங்கள். ஃபைன் ஃபோகஸைச் சற்றே மேலும் கீழும் திருப்பிக்கொண்டே இருங்கள்.

பூஞ்சை இழை ஒரே அகலத்தில் போகும், குறுக்குச் சுவர் இருக்கும், கிளை பிரியும், லேசான பச்சைச் சாயலோடு மினுங்கும். எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம், அது தோல் செல்களின் எல்லையைப் பொருட்படுத்தாமல் பல செல்களை வெட்டிக்கொண்டு போகும். பழைய தொற்றில் இழை துண்டுதுண்டாக உடைந்து செவ்வக மணிகளாக, ஆர்த்ரோஸ்போராக வரிசைப்பட்டிருக்கும். தேமலில் குட்டையான, வளைந்த இழைகளும் கொத்துக்கொத்தான உருண்டை செல்களும் சேர்ந்திருக்கும். கேண்டிடாவில் மொட்டுவிடும் ஈஸ்ட்டும், இடையிடையே இறுகிய பொய்யிழையும் இருக்கும்.

ஏமாற்றுபவை பல. முதலிடம் மொசைக் என்று சொல்லப்படும் வலைக்கு: செல்களின் ஓரத்தை ஒட்டியே, வளைந்து நெளிந்து, அகலம் மாறி மாறிப் போகும். செல்லின் எல்லையைப் பின்தொடர்ந்தால் அது பூஞ்சை அல்ல. இன்னும் சற்று நேரம் ஊறவிட்டால் மொசைக் கலைந்து மறையும், உண்மையான இழை நிற்கும். சந்தேகம் வந்தால் ஸ்லைடை மறுபடி ஈரப்பெட்டியில் வைத்துவிட்டு அரைமணி கழித்துப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் தவறான பாசிட்டிவ்களில் பெரும்பகுதியைத் தடுக்கும். துணி இழை தடிமனாக, குறுக்குச் சுவர் இல்லாமல், முனை பிய்ந்து இருக்கும். கொழுப்புத் துளியும் காற்றுக்குமிழும் பல அளவில், தனித்தனியாக, மொட்டில்லாமல் இருக்கும். ஈஸ்ட் செல்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.

பூஞ்சைச் சுவரை ஒளிரவைக்கும் கால்கோஃப்ளோர் ஒயிட் சாயமும் ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பும் உள்ள லேப்களில் தேடும் வேலை வெகுவாகக் குறையும். நகத்துக்குக் கே.ஓ.எச்.சும் கல்ச்சரும் கைவிட்டால், வெட்டிய நகத்தை ஃபார்மலினில் பத்தாலஜிக்கு அனுப்பி பூஞ்சைச் சுவருக்கு நிறமேற்றும் பி.ஏ.எஸ். ஸ்டெயின் போடச் சொல்லுங்கள். நகத்தில் பூஞ்சையைக் கண்டுபிடிப்பதில் அது மிகக் கூர்மையானது, ஆனால் எந்தப் பூஞ்சை என்று சொல்லாது.

கல்ச்சர்

ஊடகம் சாபுராட் டெக்ஸ்ட்ரோஸ் அகார். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ரேமோன் சாபுராட் வகுத்த அடிப்படையில் வந்தது. லிட்டருக்கு டெக்ஸ்ட்ரோஸ் 40 கிராம், பெப்டோன் 10 கிராம், அகார் 15 கிராம், பி.எச். 5.6. பாக்டீரியாவை அடக்கக் குளோராம்ஃபெனிகால் 0.05 கிராம், சாதாரணக் காற்றுப் பூஞ்சையை அடக்க சைக்ளோஹெக்ஸிமைடு 0.5 கிராம் சேர்ப்போம்.

எப்போதும் இரண்டு குழாய் போடுங்கள்: ஒன்று சைக்ளோஹெக்ஸிமைடோடு, ஒன்று அது இல்லாமல். கேண்டிடா இனங்களில் சிலவும், நகச்சொத்தை உண்டாக்கும் நியோசைட்டாலிடியம், ஸ்கோபுலாரியாப்சிஸ் போன்றவையும் சைக்ளோஹெக்ஸிமைடில் வளராமல் போகும். ஒரே குழாய் போட்ட லேப் அவற்றைப் பார்க்கவே முடியாது.

செதிலை அகாரின் மேல் தூவிவிடாமல் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஊசியால் லேசாக உள்ளழுத்தி வையுங்கள். அந்த இடங்கள் உங்களுக்குத் தெரியும் என்பதால், வேறிடத்தில் முளைத்தது காற்றில் வந்த அழுக்கு என்று பிறகு சொல்ல முடியும். மூடியைச் சற்றே தளர்த்தி விடுங்கள், பூஞ்சைக்குக் காற்று வேண்டும். பிளேட்டைவிடச் சாய்வுக் குழாய் நல்லது, நான்கு வாரத்தில் பிளேட் காய்ந்துவிடும். வெப்பம் 25 முதல் 30 டிகிரி. நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் அதைத் தாண்டும், அதனால் மேசையில் வைக்காமல் 28 டிகிரியில், குளிரூட்டவும் வல்ல பி.ஓ.டி. இன்குபேட்டரில் வையுங்கள். வாரம் இருமுறை பார்த்து, நான்கு வாரம் முடியாமல் நெகட்டிவ் என்று எழுத வேண்டாம்.

டி.டி.எம். எனப்படும் நிறம் மாறும் ஊடகம் சிறிய கிளினிக்குக்கு வசதி. மஞ்சள் சிவப்பானால் படர்தாமரைப் பூஞ்சை என்பது கணக்கு. ஆனால் 14 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அதன்பின் காற்றுப் பூஞ்சையும் அதைச் சிவப்பாக்கும்.

வளர்ந்த காலனியைத் திறப்பது பயோசேஃப்டி கேபினட்டுக்குள்தான். செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தைக் காலனியில் தொட்டு, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூ துளியில் வைத்துப் பாருங்கள். டிரைக்கோஃபைட்டான் ருப்ரம் வெண்பஞ்சாக வளர்ந்து, அடிப்பக்கம் ஒயின் சிவப்பாக இருக்கும். அதன் மைக்ரோகோனிடியா (சிறு வித்துகள்) கண்ணீர்த்துளி வடிவில் இழையின் இருபுறமும் ஒட்டியிருக்கும். டிரைக்கோஃபைட்டான் மென்டக்ரோஃபைட்டிஸ் மாவு படிந்ததுபோல் வளரும், உருண்டை மைக்ரோகோனிடியா கொத்தாகவும் இழை சில இடத்தில் ஸ்பிரிங் போலச் சுருண்டும் இருக்கும். இரண்டுக்கும் குழப்பம் வந்தால் யூரியா அகாரில் போடுங்கள். மென்டக்ரோஃபைட்டிஸ் வழக்கமாக ஏழு நாளுக்குள் இளஞ்சிவப்பாக்கும், ருப்ரம் பெரும்பாலும் மாற்றாது. எபிடெர்மோஃபைட்டான் ஃப்ளோக்கோசத்தில் மைக்ரோகோனிடியா இருக்கவே இருக்காது, கதாயுதம் போன்ற மேக்ரோகோனிடியா (பெரிய வித்துகள்) மட்டும் கொத்தாக நிற்கும்.

டெர்பினாஃபைனுக்கு அடங்காததாக இன்று பேசப்படும் டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே, 2020இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து பிரித்துப் பெயரிட்டது. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணுவில் வரும் மாற்றம்தான் மருந்தை முறியடிக்கிறது. மைக்ராஸ்கோப்பில் அது மென்டக்ரோஃபைட்டிஸ் கூட்டத்தைப் போலவே இருக்கும். டி.என்.ஏ.வின் ஐ.டி.எஸ். பகுதியை வரிசைப்படுத்தினால்தான் உறுதியாகும். அந்த வசதி இல்லாத லேப் ‘மென்டக்ரோஃபைட்டிஸ் கூட்டம்’ என்று எழுதுவதே நேர்மை. சரியான அளவில், சரியான காலம் டெர்பினாஃபைன் சாப்பிட்டும் குறையாத நோயாளியின் காலனியை எறியாமல், மருந்து உணர்திறன் பார்க்கும் பெரிய லேபுக்கு அனுப்புங்கள்.

ரிப்போர்ட் எழுதுவதும் படிப்பதும்

கே.ஓ.எச். பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ் என்று வருவது முரண்பாடு அல்ல. நகத்திலும், மருந்து பட்ட தோலிலும் இழை செத்திருக்கும், கண்ணுக்குத் தெரியும், வளராது. நோய் அடையாளமும் பொருந்தினால் அது பாசிட்டிவ்தான். கே.ஓ.எச். நெகட்டிவ் என்றால் ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதாமல் ‘இந்தச் சாம்பிளில் பூஞ்சை இழை காணப்படவில்லை’ என்று எழுதுங்கள். சாம்பிள் போதாது என்றால் அதையும் எழுதுங்கள். டாக்டர் மறுபடி எடுத்தனுப்ப அந்த ஒரு வரி போதும்.

நகத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு பூஞ்சை வளர்ந்தால் உடனே அதுவே காரணம் என்று எழுதக் கூடாது. மைக்ராஸ்கோப்பில் இழை தெரிந்து, படர்தாமரைப் பூஞ்சை எதுவும் வளராமல், வேறொரு நாள் எடுத்த சாம்பிளிலும் அதே பூஞ்சை மீண்டும் வளர்ந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு.

மருந்து தொடங்குவதைப் பொறுத்தவரை, தோலில் கே.ஓ.எச். பாசிட்டிவ் என்றால் கல்ச்சருக்காக நான்கு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. நகத்துக்கு நிலைமை வேறு. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், சொத்தை போலத் தெரியும் நகங்களில் பல சொரியாசிஸாகவோ அடிபட்டதாகவோ இருக்கும். அங்கே ஏதாவது ஒரு டெஸ்ட்டில் உறுதியாகாமல் முதல் மாத்திரையை எழுதுவது சரியல்ல.

கறுப்புத்தாளில் மீதமுள்ள செதிலை, கல்ச்சர் ரிப்போர்ட் போகும்வரை பத்திரமாக வையுங்கள், இரண்டாவது ஸ்லைடு போட அதுவே கைகொடுக்கும். காலனி வளர்ந்த குழாய்களை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்த பிறகே கழுவ அனுப்ப வேண்டும்.